வெட்பாலை எண்ணெயை எதில் சோதிப்பது: சுண்டெலியா, வளர்ப்புக் கலமா, நோயாளியா?

போன கிழமை திருகோணமலையின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டுத் தங்கச்சி ஒருத்தி என்னைப் பிடித்து நிறுத்தி, "அக்கா, வெட்பாலை எண்ணெயைக் காளாஞ்சகப்படைக்குச் சோதிக்கப் போறன், எந்த எலியில செய்யிறது?" என்று கேட்டாள். கையில் ஆய்வு முன்மொழிவின் முதல் வரைவு. முறை என்ற தலைப்புக்குக் கீழே "வெள்ளெலி, ஆறு" என்று மட்டும் எழுதிவிட்டு மிச்சத்தை வெறுமையாக விட்டிருந்தாள். கன்டீனில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் கதைத்தோம், தேத்தண்ணீர் ஆறிப் போனது, முடிவு வரவில்லை. அவளுக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தோல் நோய்க்கு ஒரு மூலிகையைச் சோதிக்க நினைக்கிற எவருக்கும் இதே கேள்வி ஒருநாள் வரும்.

முதலில் இந்த ஆய்வு யாருக்காக என்பதைப் பார்ப்போம். என் பெரியம்மாவுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகச் சொரியாசிஸ், அதைத்தான் நாங்கள் சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்று படிக்கிறோம். நிலாவெளியில் அவர் வீட்டில் தங்கும் நாட்களில் பார்த்திருக்கிறேன், விடியப்புறம் எழும்பி, மற்றவர்கள் கண் முழிக்க முன்னம் பாயை உதறி, உதிர்ந்த செதிலைக் கூட்டி அள்ளிவிடுவார். கறுப்புச் சேலை கட்டமாட்டார், தலையிலிருந்து பொடி விழுந்தால் தோளில் தெரியும் என்று. முழங்கையில் விரல் வைத்தால் தடிப்பு தெரியும், செதிலை உரித்தால் அடியில் ஊசிமுனை போல இரத்தப் புள்ளிகள். பாடப்புத்தகங்களில் வெள்ளைக்காரரின் தோலில் படை நல்ல சிவப்பாக இருக்கும். பெரியம்மாவின் நிறத்தில் அது சாம்பல் கலந்த ஊதாவாக, சில இடத்தில் கரும்பழுப்பாகத் தெரியும், ஆறின பிறகும் கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் போகாது. இந்த எண்ணெய் அவருக்கு உதவுமா என்பதுதான் எனக்குக் கேள்வி. அதனால் எந்த விலங்கைப் பற்றிக் கதைத்தாலும் அந்த முழங்கையோடு வைத்துத்தான் பார்ப்பேன்.

சுண்டெலிக்குச் சொரியாசிஸ் தானாக வராது. நாம்தான் வரவைக்கிறோம், அல்லது அதைப் போன்ற ஒன்றை. தோலே வேறு. மனித மேற்றோலில் ஐந்து முதல் பத்து அடுக்குக் கலங்கள், சுண்டெலியின் முதுகில் இரண்டு மூன்று அடுக்குத்தான். நம் தோல் தன்னைப் புதுப்பிக்க ஒரு மாதத்துக்கு மேல் எடுக்கும், அதற்கு எட்டுப் பத்து நாள் காணும். மனித மேற்றோலில் இல்லாத ஒரு வகை டி கலம், அதாவது நோய் எதிர்ப்புக் கலம், அதன் மேற்றோலில் நிறைந்து கிடக்கிறது. மனித இரத்தத்தின் வெள்ளைக் கலங்களில் 50 முதல் 70 வீதம் நியூட்ரோபில்கள், சுண்டெலியில் அது 10 முதல் 25 வீதம்தான். சொரியாசிஸில் செதிலுக்குள் போய்க் குவியும் கலமே நியூட்ரோபில் என்பதால் இது சின்ன வித்தியாசமில்லை. அதோடு சுண்டெலியின் முதுகில் நிறமிக் கலங்கள் பெரும்பாலும் மயிர்க்குழிகளுக்குள்ளேதான் இருக்கின்றன, மேற்றோலில் பரவி இல்லை. பெரியம்மாவை அதிகம் வருத்துகிற அந்தக் கறுப்பு அடையாளத்தைச் சாதாரணச் சுண்டெலியின் முதுகில் ஆராய வழியே கிடையாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் பின்னும் சுண்டெலி? ஒரு மருந்து எந்தப் பாதையால் வேலை செய்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க, ஒரு மரபணுவை நிறுத்திப் பார்க்க, தோலோடு நிணநீர்க் கணுவையும் மண்ணீரலையும் சேர்த்துப் பார்க்க அதைவிட வசதியான ஒன்று இன்னும் இல்லை. அது உண்மை, அதை மறுக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சரி, இருக்கிற வழிகளுக்கு வருவோம்.

மிக மலிவானது சுண்டெலி வால் சோதனை. வளர்ந்த சுண்டெலியின் வாலில் இருக்கும் செதில்களில் கலங்கள் உட்கருவை இழக்காமலே மேலே வந்துவிடும், சொரியாசிஸ் செதிலிலும் அதே நிலைதான். மருந்தை வாலில் இரண்டு கிழமை பூசி, வெட்டிப் பார்த்து, செதிலில் ஒழுங்கான துகள்படை (கலங்கள் சரியாக முதிரும்போது தோன்றும் அடுக்கு) எவ்வளவு நீளத்துக்கு வந்தது என்று அளப்பார்கள், ஒப்பிடுவதற்கு டித்ரனோல் என்ற பழைய சொரியாசிஸ் மருந்து. இந்தியாவில் வெட்பாலை இலையைக்கூட இந்த முறையில் பார்த்திருக்கிறார்கள். நுண்ணோக்கியும் பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் அந்த வாலில் நோயே இல்லை. அது நல்ல ஆரோக்கியமான வால். அழற்சி கிடையாது, டி கலம் வந்து குவிவதில்லை, கடி, அதாவது அரிப்பு, கிடையாது. கலங்கள் முதிர்வதை மருந்து மாற்றுகிறதா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் விடை வரும். "சொரியாசிஸுக்கு எதிரான செயற்பாடு நிரூபிக்கப்பட்டது" என்று இதை வைத்து எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை, ஏனென்றால் அந்த வரியை நம்பி யாரோ ஒரு நோயாளி தன் மாத்திரையை நிறுத்தக்கூடும்.

காதில் குரோட்டன் எண்ணெய் பூசி வீங்கவைத்து, கலிப்பரால் தடிப்பை அளந்து, காதிலிருந்து ஒரு வட்டத்தைக் குத்தி எடுத்து நிறுப்பது இன்னொன்று. பாதத்தில் கராஜீனன் ஏற்றுவது அதன் அண்ணன். இரண்டும் சில மணித்தியால வீக்கம். அழற்சியைக் குறைக்கிற எந்தச் சாதாரண வலி நிவாரணியும் இதில் தேறிவிடும். தங்கச்சியின் "வெள்ளெலி, ஆறு" இங்கிருந்துதான் வந்தது, மூத்தவர்களின் ஆய்வேடுகளில் அப்படி இருந்ததாம். இதைச் செய்வதற்கு அந்த ஆறு உயிரைக் கொல்லவேண்டியதில்லை என்றே சொன்னேன்.

இப்போது எல்லாரும் செய்வது இமிகுமோட். இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், நான் கைபட்டுச் செய்தது இதுதான்.

இமிகுமோட் என்பது 1997இல் அமெரிக்காவில் பாலுறுப்பு மருவுக்காக அனுமதிக்கப்பட்ட 5 வீதக் கிரீம், அல்டாரா என்று விற்பார்கள். நோய் எதிர்ப்புக் கலங்களில் வைரஸைக் கண்டுபிடிக்கிற ஏற்பி ஒன்றைத் தட்டி எழுப்பும். அதைப் பூசிய சில சொரியாசிஸ் நோயாளிகளுக்குப் படை திடீரென்று கூடியதை வைத்தியர்கள் கவனித்தார்கள். பிறகு 2009இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாமில் அதையே சுண்டெலியின் முதுகில் தினமும் பூசி, ஐந்தாறு நாளில் சொரியாசிஸ் போன்ற படையை வரவைத்து, அது இன்டர்லூக்கின் 23, 17 என்ற அழற்சிப் புரதங்களின் பாதையில் ஓடுகிறது என்று காட்டினார்கள். நோயாளியில் பார்த்ததுதான் சுண்டெலிக்குப் போனது. இந்த வரிசையை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

அளவு ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு 62.5 மில்லிகிராம். கிரீம் பொதி ஒன்றில் 250 மில்லிகிராம் இருக்கும், அதில் சரியாகக் கால்வாசி. முதுகு மயிரை மெஷினால் கத்தரித்து, மெழுகுத் தாளில் கிரீமை நிறுத்து, விரலுறையின் நுனியால் தேய்ப்போம். இரண்டாம் நாள் இளஞ்சிவப்பு. மூன்றாம் நாள் ஓரத்தில் வெள்ளைப் பொடி எழும்பும், நான்காம் நாள் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினால் காகித அட்டை போல மடியும், ஐந்தாம் நாள் தண்ணீர் வற்றிய வயல் மாதிரி வெடித்த செதில். வெட்டிச் சாயமேற்றிப் பார்த்தால் மேற்றோல் தடித்து, உட்கருவோடு செதில், அதற்குள்ளே நியூட்ரோபில் குவியல், பாடப்புத்தகப் படத்தோடு பக்கத்தில் வைக்கலாம். முதல்தரம் அதைப் பார்த்தபோது பெரியம்மாவின் முழங்கை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் நுண்ணோக்கியை விட்டு எழும்பவில்லை.

ஆனால் அதே நாட்களில் கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். நக்குவதால் கிரீம் வயிற்றுக்குள் போகும், தோலாலும் உள்ளே இறங்கும், சுண்டெலி ஒடுங்கும், எடை குறையும், மண்ணீரல் பருக்கும். உடம்பு முழுக்க ஒரு கடும் அழற்சி. கிரீமை நிறுத்தினால் படை தானாகவே போய்விடும். பெரியம்மாவுடையது இருபது வருஷமாகப் போகவில்லை, ஆறினாலும் அதே முழங்கையில் அதே இடத்தில் திரும்ப வருகிறது, அந்தத் தோலுக்குள் தங்கிவிட்ட நினைவு டி கலங்களால். ஐந்து நாள் சுண்டெலிக்கு அந்த நினைவு இல்லை.

நுணுக்கமான பொறிகள் வேறு. அல்டாராவின் அடிக்கிரீமில் இருக்கும் ஐசோஸ்டியரிக் அமிலமே தனியாக அழற்சியைத் தூண்டும் என்று 2013இல் காட்டிவிட்டார்கள், இருந்தும் பலர் ஒப்பீட்டுக் குழுவுக்கு வாசலின் பூசிவிட்டு, வித்தியாசம் முழுதையும் இமிகுமோட்டின் கணக்கில் எழுதுகிறார்கள். சுண்டெலியின் இனம் மாறினால் விடை மாறும். மயிரை மெழுகால் பிடுங்கினால் மயிர்ச் சக்கரம் விழித்துக்கொண்டு தோல் தானாகவே தடிக்கும், நீங்கள் அதை நோய்த் தடிப்பென்று அளந்துவிடுவீர்கள். ஆகவே கத்தரிப்பதுதான் சரி, அதுவும் ஏழெட்டுக் கிழமை வயதில், மயிர் உறங்கும் காலத்தில்.

எண்ணெய்க்காரருக்கு இன்னும் இரண்டு சிக்கல். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் நல்ல ஊதாவாக மாறும் என்பது தெரிந்ததுதான். அந்த ஊதா தோலில் ஒட்டும். சிவப்புக்கு 0 முதல் 4 வரை புள்ளி போடவேண்டிய ஆள், ஊதா பூசின வெள்ளைச் சுண்டெலியைப் பார்த்து எந்தச் சிவப்புக்குப் புள்ளி போடுவார்? எது மருந்துக் குழு என்பதும் அவருக்குக் கண்ணிலேயே தெரிந்துவிடும், மறைத்து மதிப்பிடுவது என்ற பேச்சே இல்லை. இரண்டாவது, எண்ணெய் பூசின தோலில் கிரீம் முன்னைப் போல இறங்காது. படை குறைந்தால் மருந்து வேலை செய்ததா, இமிகுமோட் உள்ளே போகாமல் எண்ணெய் தடுத்ததா? இரண்டுக்கும் பல மணித்தியால இடைவெளி வைத்து, வெறும் தேங்காயெண்ணெய்க்கும் ஒரு குழு வைக்காவிட்டால் இந்த ஆய்வு ஒன்றும் சொல்லாது. தேங்காயெண்ணெய் மட்டுமே செதிலை இளக்கும், அதை நம் வீட்டுக் கிழவிகளும் சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். தொடாத குழு, அடிக்கிரீம் மட்டும், இமிகுமோட் மட்டும், அதோடு தேங்காயெண்ணெய், அதோடு வெட்பாலை எண்ணெய், அதோடு ஸ்டீரோயிட் களிம்பு, ஆறு குழு, குழுவுக்கு எட்டு, மொத்தம் 48 சுண்டெலி. இமிகுமோட் பூசுவது 32க்கு. ஆறு நாளுக்கு ஒன்றுக்கு ஒன்றரைப் பொதி, ஆக 48 பொதி, பன்னிரண்டு கொண்ட பெட்டி என்றால் நான்கு பெட்டி. தங்கச்சி பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

மரபணு மாற்றிய சுண்டெலிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நமக்கு எட்டாது. மேற்றோலில் ஜுன் புரதங்களை நீக்கியவை, ஸ்டாட் 3 என்பதை எப்போதும் விழித்திருக்க வைத்தவை என்று 2005இல் இரண்டு வந்தன. 1990இலேயே மனித எச்எல்ஏ பி27 மரபணுவை வெள்ளெலிக்குப் புகுத்தியபோது மூட்டு வீக்கமும் தோலிலும் நகத்திலும் சொரியாசிஸ் போன்ற மாற்றமும் சேர்ந்தே வந்தன. ஒரு மரபணுவின் பங்கை அறிய அருமையானவை. ஆனால் சொரியாசிஸ் ஒரு மரபணு நோயில்லை, அப்புறம் இவற்றை வாங்கி இனம் பெருக்கிப் பராமரிப்பது ஒரு இளமாணி ஆய்வின் வேலையும் இல்லை.

நோய்க்கு மிகக் கிட்டப் போவது மனிதத் தோலையே சுண்டெலியில் ஒட்டுவது. நோய் எதிர்ப்பு இல்லாத சுண்டெலியின் முதுகில் நோயாளியின் தோல் துண்டைப் பதித்தால் அது வாரக்கணக்கில் மனிதத் தோலாகவே இருக்கும். 2004இல் இப்படி ஒட்டியபோது, நோயாளியின் படை வராத தோல்கூடச் சுண்டெலியில் ஒட்டின பிறகு தானாகவே படையாக மாறியது, வெளியிலிருந்து எதையும் ஏற்றாமல். அந்தத் தோலுக்குள் முன்னமே இருந்த டி கலங்கள் பெருகித்தான் நோயை உண்டாக்கின. இதை வாசித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது, பெரியம்மாவின் தெளிந்த தோலுக்குள்ளும் நோய் காத்திருக்கிறது என்பதை ஒரு சுண்டெலி காட்டியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுண்டெலிக்கும் ஒரு நோயாளியின் தோலை வெட்டவேண்டும், கைதேர்ந்த அறுவை வேண்டும், கிருமியில்லாத கூடு வேண்டும்.

கரப்பானை, அதாவது எக்சிமாவை, படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்சிபொட்ரியோல் என்ற விற்றமின் டி களிம்பு மனிதருக்குச் சொரியாசிஸ் மருந்து, உலகமெங்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதையே சுண்டெலியின் காதில் பூசினால் எக்சிமா போன்ற அழற்சி வரும், 2006இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கண்டது, இன்று அதுதான் எக்சிமாவுக்குப் பேர்போன சுண்டெலி முறைகளில் ஒன்று. ஒரே களிம்பு ஒரு தோலில் மருந்து, இன்னொரு தோலில் நோய். சுண்டெலியில் கிடைத்த விடையை அப்படியே மனிதருக்குப் பேசுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்திருந்தால் போதும். ஜப்பானின் என்சி நாகா சுண்டெலி இன்னொரு பாடம், சாதாரணக் கூட்டில் வளர்த்தால் தானாகத் தோல் அழற்சி வரும், கிருமியில்லாத கூட்டில் வளர்த்தால் வராது.

நாய் பற்றியும் கேட்டாள். தெருவில் சொறிநாய்கள் நிறைய இருக்கின்றனவே, அவற்றுக்கு எண்ணெய் பூசிப் பார்க்கலாமா என்று. அந்தச் சொறி உண்ணியால் வருவது, நாம் கதைக்கும் நோய் வேறு. ஆனால் நாய்க்கு உண்மையான ஒவ்வாமைத் தோல் அழற்சி இயற்கையாகவே வருகிறது, வீட்டுத் தூசி உண்ணியால் அரிப்பெடுத்து, காதும் பாதமும் கவட்டும் சொறிந்து, மனித எக்சிமாவை அப்படியே ஒத்து. இன்டர்லூக்கின் 31 என்ற அரிப்புப் புரதத்தை மறிக்கும் ஊசி அமெரிக்காவில் நாய்களுக்கு 2016இலேயே வந்துவிட்டது, அதே பாதையை மறிக்கும் நெமோலிசுமாப் மனிதருக்கு 2024இல்தான் அங்கே அனுமதி பெற்றது. எக்சிமாவைப் பொறுத்தவரை, வீட்டில் செல்லமாக வளரும் நோயுற்ற நாயை மிருக வைத்தியரோடு சேர்ந்து குணப்படுத்தப் பார்ப்பதுதான் என் மனதுக்கு மிகவும் ஒப்பான விலங்கு ஆய்வு. அங்கே யாரும் யாருக்கும் நோயை உண்டாக்குவதில்லை. சொரியாசிஸுக்கு அது உதவாது.

கலங்களை வளர்த்துப் பார்ப்பது பற்றி. ஹகட் என்ற சாவில்லாத மனித மேற்றோல் கல வரிசை 1988இல் ஜெர்மனியில் உருவானது, உலகத்தில் எங்கு போனாலும் இருக்கும். அதற்கு இன்டர்லூக்கின் 17ஐயும் டிஎன்எஃப் என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தையும் சேர்த்து ஊட்டினால் சொரியாசிஸ் படையில் சுரக்கும் பல புரதங்களைச் சுரக்கும், அதன்மேல் மருந்தைப் போட்டு அளக்கலாம். மனிதக் கலம், ஓர் உயிரும் போகாது. ஆனால் எண்ணெய் தண்ணீரில் கரையாது, கலங்கள் இருப்பதோ தண்ணீரில். வெட்பாலையின் சாற்றை வேறு கரைப்பானில் எடுத்தால் நீங்கள் சோதிப்பது பெரியம்மா பூசுகிற எண்ணெயாக இருக்காது. காற்றில் திறந்த மேற்பரப்போடு வளர்க்கும் முப்பரிமாணத் தோலில் எண்ணெயை மேலே பூசலாம், அதுதான் சரியான விடை, ஆனால் அது தபாலில் வந்து சில நாளுக்குள் பயன்படுத்தவேண்டிய பொருள், விலையும் கூட.

இனி நம் ஊருக்கு வருவோம். சுண்டெலிக்கு 20 முதல் 26 பாகை வெப்பம் வேண்டும். கச்சான் வீசும் ஆனி ஆடியில் திருகோணமலையில் பகல் 35 பாகையைத் தொடும், காற்றில் உப்பு. ஏசி இரவும் பகலும் ஓடவேண்டும், கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டர் பிடிக்கவேண்டும். நான் வேலை செய்த ஒரு ஆய்வுகூடத்தில், இங்கில்லை, ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஏசி நின்று ஞாயிறு மாலைதான் யாரோ கண்டார்கள். ஒரு சுண்டெலியும் சாகவில்லை. ஆனால் அடுத்த நாள் நிறுத்தபோது ஒன்றுமே பூசாத குழுவும் எடை இறங்கியிருந்தது, அந்தச் சுற்று முழுவதையும் எறிந்தோம். 40 சுண்டெலியை வீணாகக் கொல்லவேண்டி வந்தது. அந்தப் பெட்டிகளைத் தூக்கிப்போன கை என்னுடையது, அதனால் இதை இலேசாகச் சொல்ல என்னால் முடியாது. குறைத்தல், மாற்றுதல், வதை தணித்தல் என்று ரசலும் பர்ச்சும் 1959இல் எழுதியதைப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருந்தேன், அன்றைக்குத்தான் விளங்கியது. இலங்கையில் விலங்கு வதைத் தடுப்புக்கு இன்னும் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம்தான் கையிலிருக்கிறது, ஆகவே நம் மனச்சாட்சியும் நெறிமுறைக் குழுவும் கூடுதலாக உழைக்கவேண்டும். இங்கிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் அளவில், பேராதனை அதைவிடக் கிட்ட. சுண்டெலியை வேனில் இங்கே கொண்டுவருவதைவிட எண்ணெயைப் போத்தலில் அங்கே கொண்டுபோவது ஆயிரம் மடங்கு மேல்.

இப்போது என் தீர்ப்பு. வெட்பாலை எண்ணெய் ஒரு புதிய இரசாயனமில்லை. தமிழ்நாட்டில் பல வருஷமாக மனிதர் தோலில் பூசி வருகிறார்கள். புதிய மூலக்கூறுக்கு முதலில் விலங்கு, பிறகு மனிதன் என்ற வரிசை நியாயம். ஏற்கெனவே நோயாளியின் தோலில் இருக்கும் எண்ணெய்க்கு அந்த வரிசையைப் பிடித்துத் தொங்கவேண்டியதில்லை. சொரியாசிஸின் வரலாற்றையும் பாருங்கள், அது டி கலங்களின் நோய் என்பதற்கு முதல் பெரிய தடயம் 1979இல் வந்தது, மூட்டு வாதத்துக்கு சைக்ளோஸ்போரின் கொடுத்தபோது நோயாளிகளின் படை மறைந்ததிலிருந்து. இமிகுமோட் சுண்டெலியும் நோயாளியைப் பார்த்த வைத்தியரின் கண்ணிலிருந்துதான் தொடங்கியது. "வேலை செய்கிறதா" என்று நோயாளியிடம் கேட்போம், "ஏன் வேலை செய்கிறது" என்று சுண்டெலியிடம் பிறகு கேட்கலாம், முதற்கேள்விக்கு ஆம் என்று வந்தால் மட்டும். இல்லை என்று வந்தால் 48 உயிர் தப்பும்.

அதனால் நான் சொன்னது இடம்–வலம் ஒப்பீடு. ஒரே நோயாளியின் ஒரு முழங்கையில் வெட்பாலை எண்ணெய், மற்றதில் வெறும் தேங்காயெண்ணெய், எந்தப் பக்கம் எது என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானித்து, எட்டுக் கிழமை. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே கவலை, ஆகவே சின்ன எண்ணிக்கையிலும் வித்தியாசம் தெரியும். நம் மருத்துவத்தின் பத்தியமும் இரண்டு கைக்கும் ஒன்றே, எந்தக் கூண்டிலும் இதைச் செய்ய முடியாது. தடிப்புக்கும் செதிலுக்கும் 1978இல் வந்த பாசி (PASI) என்ற சொரியாசிஸ் அளவுகோலின் 0 முதல் 4 வரையான புள்ளி, கடிக்கு ஒவ்வொரு கைக்கும் பத்துக்கு எவ்வளவு என்ற கேள்வி, கறுப்பு அடையாளத்துக்கு ஒரே வெளிச்சத்தில் படம். அதோடு ஒட்டுநாடாவை வைத்து உரித்து மேல் செதிலை எடுத்துக் குளிரில் வைத்தால், பிறகு பேராதனையிலோ கொழும்பிலோ யாராவது புரதங்களை அளந்து தருவார்கள், கத்தி படாமலே. முதல் நோயாளியைச் சேர்க்க முன்னம் நெறிமுறை அனுமதி, 2006 முதல் இருக்கும் இலங்கை மருந்தியல் சோதனைப் பதிவேட்டில் பதிவு, இரண்டும் வேண்டும். எண்ணெயில் யாரும் ஸ்டீரோயிட் கலக்கவில்லை என்று இரசாயனச் சோதனையும் செய்யுங்கள், நோயாளி பார்மசியில் வாங்கின களிம்பை ஒளித்துப் பூசவில்லையா என்று அன்பாகக் கேளுங்கள். மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்தவேண்டாம் என்றும் சொல்லவேண்டும், அது முக்கியம்.

இதற்கும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. ஒரு மாணவிக்கு எட்டுக் கிழமை நீளம், நோயாளிகள் மழை தொடங்கினால் கிளினிக்குக்கு வரமாட்டார்கள். எந்தப் பாதையால் மருந்து வேலை செய்தது என்று தெரியாது. மேற்பார்வையாளர் பாதை வேண்டுமென்று பிடிவாதமாக நின்றால், வெளிவளாகம் ஒன்றோடு சேர்ந்து, கறுப்புச் சுண்டெலி இனம் கிடைக்குமா என்று முதலில் உறுதிப்படுத்தி, மேலே சொன்ன ஆறு குழுவோடு இமிகுமோட் செய்யலாம். வால் சோதனையும் பாத வீக்கமும் வேண்டாம்.

மிச்சமிருப்பது ஊதாதான். நோயாளிக்கும் எந்தக் கை மருந்துக் கை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். தேங்காயெண்ணெய்க்கும் நிறம் போடலாம் என்று தங்கச்சி வேம்பாளம்பட்டையைச் சொன்னாள், தலைக்கு எண்ணெய் காய்ச்ச அம்மாமார் போடுவது. அது தருவது சிவப்பு, அதோடு அந்தப் பட்டையே தோல் நோய்க்குப் பயன்படுகிற மருந்து, ஒப்பீட்டுக் கையில் அதைப் பூசினால் இரண்டு மருந்தை ஒப்பிட்டதாக முடியும். ஆகவே நோயாளிக்குத் தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டு, புள்ளி போடுகிற ஆளுக்கு மட்டும் தெரியாமல் பார்ப்பது என்று இப்போதைக்கு நினைக்கிறோம். பூசுவதை இரண்டு நாள் நிறுத்தி, இரண்டு கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வரச்சொல்லி, நிறத்தை விட்டுத் தடிப்பையும் செதிலையும் மட்டும் எண்ணவைப்பது. கழுவின பிறகும் ஊதா எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க, நேற்று என் முன்னங்கையில் ஒரு விரல் அகலத்துக்குப் பூசி வைத்திருக்கிறேன்.